சிஸ்டர் வீட்டு ஜல்லித் தோட்டம்

கல் விற்கிற இடத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கல் வாங்கிய ஆள் எனக்குத் தெரிந்து சிஸ்டர் ஒருத்தர்தான்.

வத்தலக்குண்டு ரோட்டில் ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் எல்லாம் குவித்து வைத்து விற்கிற பாய் ஒருவர் இருந்தார். என் ஸ்கூட்டியில்தான் சிஸ்டரை அழைத்துப் போனேன். இறங்கியதும் செருப்பை ஓரமாக விட்டார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குவியலில் ஏறி நின்றார். காலை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். இறங்கி அடுத்த குவியலுக்குப் போனார். பத்து மணி வெயில். கல் சுட்டிருக்கும், ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாய் டீ கிளாஸைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதும் நேர்த்திக்கடனாக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

சிஸ்டர் காதில் அது விழுந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய். நான் நடக்கப்போற கல்லு. கண்ணால பாத்து வாங்கி என்ன செய்ய? காலுக்குல்ல தெரியணும்" என்றார்.

சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி ஒரு லாரி நடை, கூர் முனையுள்ள முக்கால் இன்ச் ஜல்லி அரை நடை, வேறெங்காவது தேடிப் பிடித்துக் கூழாங்கல் கொஞ்சம் என்று பேசி முடித்தோம். திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, "சிப்ஸ் நறநறன்னு சொல்லுது. கூழாங்கல்லு பேசாது, உருளும். அந்த ஜல்லி குத்தும். மூணும் மூணு பேச்சு. எனக்கு அம்புட்டு போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர் வேறு என்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட பெயர் தெருவுக்கும் வந்துவிட்டது, மாதா கோவிலில் சாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார். புருஷன் இறந்து நெடுநாள் ஆகிவிட்டது. ஒரே மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருந்தான். பழனி ரோட்டில் ஊர் முடிகிற பக்கம் சிஸ்டருக்குச் சொந்த வீடு. கீழே அவர், மாடியில் நாங்கள் வாடகைக்கு. என் கணவருக்குச் செம்பட்டியில் வேலை, எனக்கு டவுனுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை.

அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். "சரி, அடுத்து?" இதுதான் அவர் வார்த்தை. பால் பொங்கி வழிந்தாலும் அதுதான், கரண்ட் கம்பி அறுந்து விழுந்தாலும் அதுதான். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதில் அவர் அதிகம் நிற்க மாட்டார்.

அது சில நேரம் பயமாகக்கூட இருக்கும். அந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் தலையைத் தடவி ஏதேதோ சொன்னார்கள். சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "அழு. நல்லா அழுதுரு. அழுது முடிச்சிட்டுக் கீழ வா, கஞ்சி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கேன் பாக்கணும், நான் கூட வாரேன்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கீழே போனேன். அவர் உப்புப் போட்டுக் கொடுத்த சுடு கஞ்சிதான் அந்த வாரம் என்னை எழுப்பி நடமாட வைத்தது.

கண் விஷயத்தையும் அதே மாதிரிதான் சொன்னார். என் ஸ்கூட்டி எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. அதன் மேல் வந்து மோதினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மோதினார். மூன்றாவது தடவை நானே கேட்டேன்.

"ஓரமெல்லாம் போயிருச்சு. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி நேரா மட்டும்தான் தெரியுது. மதுரையில பாத்தாச்சு. கண்ணுல அழுத்தமாம். போனது போனதுதான். இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச நாள் நிறுத்தலாம், அம்புட்டுதான்."

அவர் ஸ்கூட்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அடுத்து?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "முழுசா போறதுக்குள்ள இந்த முத்தத்தைச் சரி பண்ணணும் தாயி."

முற்றம் என்று பேர், வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வெறும் இடம் கிடந்தது. பக்கத்தில் மோட்டார் குழி, பின்னால் துணி காயப்போடுகிற கம்பி, முன்னால் கேட். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடித்த மண். கண் தெரியாத ஒருத்தர் அதில் நடந்தால் முதல் நாளே குழிக்குள் விழுவார். மகன் வந்து தன்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியும். "அவன் நல்ல பிள்ளைதான். நாலாவது மாடியில ஒரு ரூம்புல உக்கார வச்சு நல்லாத்தான் சோறு போடுவான். எனக்கு என் வீட்டுல நடக்கணும்" என்றார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். கேட்டிலிருந்து வீட்டு வாசல், பின்கதவு, துணிக் கம்பி, குழாயடி என்று போகிற பாதை முழுக்கச் சிப்ஸ். நறநறவென்று சத்தம் வந்தால் சரியான வழி. மோட்டார் குழி, சாக்கடை, சுவர் ஓரம் எல்லாம் முக்கால் ஜல்லி. கால் குத்தினால் நில் என்று அர்த்தம். பாதை திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு பழமரம், அதன் அடியில் வட்டமாகக் கூழாங்கல். கல் உருண்டால் மரம் வந்துவிட்டது. கையை நீட்டித் தொட்டு எந்த மரம் என்று பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

நான் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரி. எங்கள் காட்டில் கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் விதைப்போம். கல்லை விலை கொடுத்து வாங்கிப் போட்டு மரம் வைப்பதை இங்கேதான் பார்த்தேன். "இது வருமா சிஸ்டர்?" என்றேன். அவர் இரண்டு தொட்டியில் மண் நிரப்பி ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார். ஒன்றின் மேல் மட்டும் ஜல்லியைப் பரப்பினார். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு இரண்டிலும் விரலை விடச் சொன்னார். கல் மூடிய தொட்டியில் ஈரம் அப்படியே இருந்தது.

"பூச்செடி வைக்கலாமே, மல்லி வச்சா வாசமாவது வரும்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"பூ பாக்குறதுக்கு. பழம்னா கையில கிடைக்கும்ல" என்றார்.

குழி வெட்ட வந்தவர்கள் அரை நாளிலேயே சலித்துக்கொண்டார்கள். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. மறுநாள் அவர்கள் வரவில்லை. சிஸ்டர் வேறு ஆள் பிடித்தார். அவர்களும் போனபோது இன்னொரு ஆள். குழியில் செம்மண்ணும் எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினார். கல்லுக்கு அடியில் கோரைப்புல் ஏறாமல் இருக்கப் பழைய சாக்குகளை விரித்தார். குழாயடியில் மாதுளை, துணிக் கம்பிக்குப் பக்கத்தில் கொய்யா, பின்கதவுக்கு எதிரே சப்போட்டா, கேட் அருகே எலுமிச்சை. எலுமிச்சை மட்டும் பிடிக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மற்ற மூன்றும் தாங்கிக்கொண்டன. எலுமிச்சை இலை நுனி கருகிக் கருகி ஒரு கோடையில் குச்சியாக நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு குடம் நல்ல தண்ணீர் தினமும் ஊற்றிப் பார்க்கலாமே என்றேன். "அதுக்கு இந்த ஊர் ஒத்துக்கல. புடுங்கிருவோம்" என்று அன்றைக்கே பிடுங்கிவிட்டார்.

அந்த இடத்துக்கு என்ன வைப்பது என்று தேடி ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு நர்சரிக்குப் பஸ் ஏறிப் போனோம். சிஸ்டர் ஒவ்வொரு செடியாக இலையைத் தடவிக்கொண்டே போனார். சீமை அத்தியில் வந்து நின்றார். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

"ஏனுங்க, பழத்துக்கு வைக்கறீங்களா, சும்மா அழகுக்குங்களா?" என்றார் நர்சரிக்காரர்.

"அடையாளத்துக்கு" என்றார் சிஸ்டர். "இதைத் தொட்டா நான் கேட்டுக்கிட்ட நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். பழம் காச்சா அதுவும் சரிதான்."

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் நல்ல கன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மாதுளை காய்க்க ஆரம்பித்ததும் அணில்கள் வந்தன. சிஸ்டர் ஒவ்வொரு காய்க்கும் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள் மாதிரி மரம் முழுக்கக் கட்டுகள். தினம் காலையில் கட்டுக்கு மேலேயே தடவிப் பார்ப்பார். உருண்டையாக இருந்தால் காய், பக்கவாட்டில் முனை தட்டினால் பழம் என்று எனக்கும் காட்டிக் கொடுத்தார். பறித்த பழத்தில் பாதி தெருவுக்குப் போகும். பாய்க்கும் ஒரு பை கொடுத்து அனுப்புவார்.

மகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். வாரம் ஒரு தடவை எனக்கு போன் வரும். "அக்கா, அம்மா கீழ விழுந்தா யாருக்கா பாக்குறது? தரையெல்லாம் கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க. நல்லா சமமா பேவர் பிளாக் போட்டு, ஓரத்துல கம்பி வச்சுத் தாரேன்னு சொன்னாக் கேக்க மாட்டேங்குறாங்க." அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவன் பயந்தான். அம்மாவைத் தவிர அவனுக்கும் யார் இருந்தார்கள்?

ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. சிஸ்டர் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டார். "நடந்து காட்டுறேன். பாரு" என்றார்.

பின்கதவில் தொடங்கினார். சப்போட்டாவைத் தொட்டார், திரும்பினார். கொய்யாவைத் தொட்டார். மாதுளையடியில் நின்று ஒரு காயைத் தடவிவிட்டு வந்தார். நான் மாடிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக முன்பக்கம், கேட்டுக்குப் போகிற வழி. சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முக்கால் ஜல்லி குத்தியிருக்க வேண்டும். நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. சாக்கடை விளிம்பில் கால் தட்டி முன்னால் விழுந்தார். முழங்கால் நன்றாகக் கிழிந்துவிட்டது.

மகன் ஓடிப் போய்த் தூக்கினான். "போதும்மா. பாத்தாச்சு. போதும்" என்றான்.

சிஸ்டர் துண்டை அவிழ்த்தார். டெட்டால், பஞ்சு எல்லாம் கொண்டுவரச் சொல்லித் தானே காயத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே, "எந்த இடத்துல விழுந்தேன்? சரியா காட்டு" என்றார்.

"அம்மா, இப்ப அதுவா முக்கியம்?"

"அதுதான் முக்கியம். எனக்குக் குத்தலை. ஏன் குத்தலை?"

நான்தான் போய்ப் பார்த்தேன். ஐப்பசி மழையில் சிப்ஸ் அடித்துக்கொண்டு போய் ஜல்லி மேல் படிந்திருந்தது. இரண்டும் கலந்துவிட்டது. சொன்னேன்.

"அப்ப நடுவுல கரை கட்டணும். செங்கல்லை நிக்க வச்சுப் புதைச்சாக் கலக்காது" என்றார். கட்டுப் போட்டு முடித்துவிட்டு எழுந்தார். மகன் வெளியே போய்விட்டான். அவன் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே செங்கல் வந்து இறங்கியது.

அடுத்த வருடம் கண்ணழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது. ஆபரேஷன் செய்தால் மிச்சமாவது நிற்கும் என்று மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். சில மாதம் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. ஒரு கண் முழுசாகப் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். போனில் பேசும்போது, "அத்தி துளிர்த்துச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். கண்ணைப் பற்றி நான் கேட்டால் "அது ஆச்சு" என்பார்.

அவர் இல்லாத அந்த நாட்களில் ஒரு வேலை நடந்துவிட்டது. மோட்டாரிலிருந்து வருகிற பைப் மண்ணுக்குள் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. மகனே ஆள் சொல்லி அனுப்பினான். நான் லேபிலிருந்து திரும்பி வருவதற்குள் பிளம்பர் குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் நீளமாகத் தோண்டி, பைப் மாற்றி, மண்ணையும் கல்லையும் செங்கல்லையும் ஒன்றாகத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்திருந்தார், தண்ணீர் நன்றாக வந்தது. ஆனால் சிஸ்டர் போட்டு வைத்த வழியில் பாதி காணாமல் போய்விட்டது.

சிஸ்டர் தவறிப்போய் இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருதயம் நின்றுவிட்டது. அந்த வீட்டில்தான், பின்கதவுக்கு எதிரே சப்போட்டா நிழலில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. நாங்கள் அதற்கு முன்பே மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்தோம். கடைசி வரை அவர் தனியாகத்தான் இருந்தார், தானே சமைத்தார், தானே துணி காயப்போட்டார். அடக்கத்துக்குப் போய் வந்த பிறகு எனக்கு அதிகம் நினைவுக்கு வருவது கோயம்புத்தூரிலிருந்து அவர் திரும்பி வந்த அந்த ஒரு வாரம்தான்.

அவர் திரும்பி வந்ததே வீட்டைக் காலி செய்யத்தான். மகன் ஒரு வாரம் லீவு போட்டு, சாமான்களைக் கட்டுவதற்கு அட்டைப்பெட்டிகளோடு வந்திருந்தான். கீழ்வீட்டை வாடகைக்கு விட ஒரு புரோக்கரிடம் சொல்லியும் வைத்திருந்தான். சிஸ்டர் காரில் வரும்போது எதிர்த்து ஒன்றும் பேசவில்லையாம். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்ததாக என்னிடம் சொன்னான்.

வந்த அன்று சாயங்காலம் சிஸ்டர் முற்றத்தில் நடந்து பார்த்தார். பின்பக்கம் எல்லாம் சரியாகப் போனார். மாதுளையைத் தாண்டி இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார். ஒரு காலால் துழாவினார். பின்னால் வந்து மறுபடியும் போனார். அங்கே நறநற இல்லை, குத்தவும் இல்லை, எல்லாம் சேர்ந்து ஏதோ ஒன்றாக இருந்தது. கை நீட்டிக்கொண்டு அவர் நடுவில் நின்ற நேரத்தில்தான் நான் முதன்முதலாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். நான் இறங்கி ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் அந்தப் பயம் போய்விட்டது. "தோண்டியிருக்காங்க" என்றார். பைப் உடைந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது தோண்டிய இடத்தில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் பேசின். கலந்து கிடந்ததைக் கையால் அள்ளி, மண்ணை உதறி, விரலால் உருட்டிப் பார்த்து, பொடி ஒரு பேசினில், ஜல்லி ஒரு பேசினில், கூழாங்கல் ஒரு பேசினில் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அருகில் பிரித்த கல் ஏற்கெனவே சிறு குவியல்களாகக் கிடந்தது. பொழுது விடியும் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் அவருக்கு எதற்கு?

மகன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவன் அப்படியே நின்றான்.

"என்னம்மா பண்றீங்க?"

"பிரிக்கிறேன்."

"நாமதான் சனிக்கிழமை கிளம்புறோமே."

"நீ கிளம்பு. உனக்கு வேலை இருக்கு. எனக்கு இது இருக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. சத்தமும் ஏறியது. கண் இருந்தபோதே விழுந்ததைச் சொன்னான். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்றான். சிஸ்டர் முழுசாகக் கேட்டார். கை மட்டும் நிற்கவில்லை. அவன் நிறுத்தியதும் சொன்னார்:

"அங்க உன் வீட்டுல நான் விழவே மாட்டேன் தம்பி. நடந்தாத்தானே விழுறதுக்கு. எனக்கு இங்க ரெண்டு தடவை விழுந்தாலும் பரவாயில்ல. எந்திரிச்சுக்குவேன்."

தோண்டிக் கிடந்த இடத்தை அவன் கேட் வரைக்கும் பார்த்தான். "சரி, நான் புதுசா ரெண்டு நடை கல்லு இறக்கச் சொல்றேன். இதை எல்லாம் வழிச்சுத் தள்ளிருவோம். நீங்க எந்திரிங்க" என்றான்.

"எம்புட்டு வழிச்சாலும் பாதி மண்ணுக்குள்ள கிடக்கும், புதுசை அதுக்கு மேலதானே கொட்டணும். அப்பவும் கலக்கும்."

அவன் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு கை அள்ளிப் பிரிக்கத் தொடங்கினான். அவன் போட்ட கல்லில் ஒன்றை சிஸ்டர் பேசினிலிருந்து எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். "இது ஜல்லி. முனை பாரு." இன்னொன்றும் அப்படியே திரும்பியது. மண் அப்பியதில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. பார்த்துப் பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் திணறியவன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டான். விரலை மட்டும் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு கல் திரும்பி வரவில்லை.

நான் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். வாசல் படியில் வைத்திருந்த அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் வாடகைக்கு ஆள் அழைத்து வருவதாகச் சொன்ன புரோக்கர். போனை அவனிடம் நீட்டினேன். அவன் கை இரண்டும் மண்.

"அக்கா, கீழ்வீடு வாடகைக்கு இல்லைன்னு நீங்களே சொல்லிருங்க" என்றான், கண்ணைத் திறக்காமல்.

நான் சொன்னேன். சிஸ்டர் தலை நிமிரவில்லை. நிரம்பிவிட்ட பேசினை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, கலந்து கிடந்ததில் இன்னும் ஒரு கை அள்ளி அவன் முன்னால் போட்டார்.